வெளிநாட்டுக் கல்வி: விமானம் ஏறுமுன் வீட்டில் போட வேண்டிய கணக்கு

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியாகி வெட்டுப்புள்ளியும் வந்துவிட்டால் எமது ஊர்களில் ஒரே பேச்சுத்தான். பிள்ளையை இரண்டாம் தடவை பரீட்சை எழுத விடுவதா, கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ப்பதா, இல்லை வெளிநாட்டுக்கு அனுப்புவதா? அண்மைய வருடங்களில் மூன்றாவது தெரிவின் பக்கம் சாய்பவர்கள் அதிகரித்து வருகின்றனர். முன்பு கொழும்பு, கண்டி போன்ற நகரங்களின் வசதியான குடும்பங்களோடு நின்ற இந்த விடயம், இன்று வயலை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளையை அனுப்பும் நடுத்தரக் குடும்பங்கள் வரை வந்துவிட்டது.

இதில் பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. அண்மைக் காலத்தில் வருடந்தோறும் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுகின்றனர். அரச பல்கலைக்கழகங்கள் அவர்களில் மூன்றில் ஒரு பங்கினரைக்கூட உள்வாங்குவதில்லை. மூன்று பாடங்களிலும் நல்ல சித்தி பெற்ற பிள்ளை, மாவட்ட வெட்டுப்புள்ளியில் சில தசமங்கள் குறைந்ததால் வீட்டில் முடங்கிக் கிடப்பதை எந்த வாப்பாவால், எந்த உம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

ஆகவே வெளிநாட்டுக்கு அனுப்புவது சரியா பிழையா என்பது இக்கட்டுரையின் கேள்வியல்ல. அனுப்புவதற்கு முன்னர் என்ன கணக்குப் போடுகிறோம் என்பதே கேள்வி. ஒரு பாடசாலை ஆசிரியராக இவ்விடயத்தில் ஆலோசனை கேட்டு வரும் பெற்றோரிடம் நான் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "முதலாவது வருடக் கட்டணத்தை நாங்க கட்டிருவம் சேர். மிச்சத்த மகன் அங்க வேல செஞ்சு பாத்துக்கொள்வான்." வெளிநாட்டுக் கல்வியில் எமது குடும்பங்களை அதிகம் விழுத்தும் நம்பிக்கை இதுதான். இந்த நம்பிக்கை இலக்கங்களுக்கு முன்னால் நிற்குமா என்பதை முதலில் பார்ப்போம்.

காட்டும் காசும் செலவழிக்கும் காசும்

பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். அங்கு மாணவர் வீசாவுக்கு விண்ணப்பிப்பவர், கற்கைக் கட்டணத்துக்கு மேலதிகமாக வாழ்க்கைச் செலவுக்கும் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2025 ஜனவரியில் இத்தொகை லண்டனில் மாதத்துக்கு 1,483 பவுணாகவும் லண்டனுக்கு வெளியே 1,136 பவுணாகவும் உயர்த்தப்பட்டது. ஒன்பது மாதத்துக்குரிய பணம் தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் இருந்திருக்க வேண்டும். எம்மில் பலர் இதை ஒரு சம்பிரதாயமாகவே பார்க்கின்றனர். உறவினர் ஒருவரிடம் ஒரு மாதத்துக்குக் கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டு, வீசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகின்றனர். ஆனால் அந்தத் தொகை சும்மா போடப்பட்டதல்ல. "எமது நாட்டில் ஒரு மாணவர் உயிர் வாழக் குறைந்தது இவ்வளவு தேவை" என்று அந்நாட்டு அரசாங்கமே எமக்குச் சொல்லும் தகவல் அது.

இப்போது வருமானத்தைப் பார்ப்போம். பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலங்கள் மாத்திரமே வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் அங்கு சட்டரீதியான குறைந்தபட்சக் கூலி, 21 வயதுக்கு மேற்பட்டோருக்கு மணித்தியாலத்துக்கு 12.21 பவுண். 18 முதல் 20 வயது வரையானோருக்கு 10 பவுண். உயர்தரம் முடித்துப் போகும் எமது பிள்ளைகளில் அதிகமானோர் இந்த இரண்டாவது வகையினர். 20 மணித்தியாலமும் தவறாமல் வேலை கிடைத்தாலும் அவருக்கு வாரத்துக்கு 200 பவுண், மாதத்துக்கு ஏறத்தாழ 866 பவுண். லண்டனுக்கு வெளியே வாழ்வதற்கு அப்போது அரசாங்கமே சொன்ன தொகை 1,136. மாதத்துக்கு 270 பவுண் பற்றாக்குறை. 21 வயதைத் தாண்டியவருக்குக்கூட ஏறத்தாழ 1,058 பவுண்தான் வரும். அதுவும் அந்தத் தொகையை எட்டவில்லை. கற்கைக் கட்டணத்தை இன்னும் நாம் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அவுஸ்திரேலியாவில் நிலைமை சற்று மேல். அங்கு 2023 ஜூலை முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலங்கள் வேலை செய்ய அனுமதியுண்டு. 2025 ஜூலையில் குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 24.95 டொலர். வருடம் முழுவதும் ஒரு வாரம்கூடத் தவறாமல் வேலை கிடைத்தால் வரி கழிக்குமுன் ஏறத்தாழ 31,000 அவுஸ்திரேலிய டொலர் வரும். 2024 மே மாதம் முதல் வீசாவுக்குக் காட்ட வேண்டிய ஒரு வருட வாழ்க்கைச் செலவு 29,710 டொலர். வரவும் செலவும் சரியாகப் போய்விடுகிறது. கட்டணத்துக்கு எங்கே மிச்சம்? மலேசியாவிலோ வெளிநாட்டு மாணவர்கள் பொதுவாக விடுமுறைக் காலத்தில் மாத்திரமே, அதுவும் குறிப்பிட்ட சில துறைகளில் மட்டுமே, பகுதிநேர வேலை செய்யலாம்.

இரண்டு நாடுகளிலும் நீண்ட விடுமுறைகளில் முழுநேரம் வேலை செய்ய வழியிருக்கிறது. அது கைச்செலவுக்கு உதவும். ஆனால் பகுதிநேர வேலை என்பது உணவுக்கும் பஸ் கட்டணத்துக்கும் கைகொடுக்கும் ஒன்றே தவிர, இரண்டாம் வருடக் கட்டணத்தைக் கட்டித்தரும் ஒன்றல்ல. இக்கணக்கு சரிவராது என்று தெரியவரும்போது பிள்ளை என்ன செய்வான்? அனுமதிக்கப்பட்ட மணித்தியாலங்களுக்கு மேல், கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யத் தொடங்குவான். சட்டத்துக்கு வெளியே வேலை செய்பவனுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்காது. முறையிடவும் முடியாது. இரவு வேலை முடித்துக் காலை விரிவுரைக்குப் போக முடியாமல் வரவு குறையும். வரவு குறைந்தால் பல்கலைக்கழகம் குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டது. வீசா இரத்தாகும். படிக்கப் போனவன் படிப்புமில்லாமல், போட்ட காசுமில்லாமல் திரும்பும் கதைகளில் பெரும்பாலானவை இந்த ஒழுங்கில்தான் நடக்கின்றன. பிள்ளையின் ஒழுக்கத்தைக் குறை சொல்லுமுன், நாம் போட்டனுப்பிய கணக்கைப் பார்க்க வேண்டும்.

இவை தவிர ஆரம்பச் செலவுகளும் உண்டு. பிரித்தானியாவில் சுகாதார வரியாக வருடத்துக்கு 776 பவுண் வீதம் வீசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே அறவிடப்படுகிறது. மூன்று வருடப் படிப்பென்றால் இதுவே இரண்டாயிரம் பவுணைத் தாண்டும். அவுஸ்திரேலிய மாணவர் வீசாவின் விண்ணப்பக் கட்டணம் 2025 ஜூலை முதல் 2,000 டொலர். வீசா மறுக்கப்பட்டால் அது திரும்பக் கிடைக்காது. வீசாக் கட்டணம், காப்புறுதி, விமானச்சீட்டு, வீட்டு வாடகையின் முற்பணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

ரூபாவில் சம்பாதித்து டொலரில் கட்டுவது

2022ஆம் வருடத்தை எம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. மார்ச் மாத ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதமாகும்போது 360 ரூபா வரை சென்றது. வருடத்துக்கு 12,000 டொலர் கட்டணம் என்றால் 24 இலட்சமாக இருந்த சுமை, இரண்டு மாதங்களில் 43 இலட்சமானது. பிள்ளை எந்தத் தவறும் செய்யவில்லை. பல்கலைக்கழகம் ஒரு டொலரைக்கூடக் கூட்டவில்லை. ஆனால் குடும்பத்தின் கணக்கு சிதறிப்போனது. இடைநடுவில் படிப்பை நிறுத்திவிட்டு வந்த பிள்ளைகளும், கடைசிக் காணியையும் விற்ற வாப்பாமாரும் எமது ஊர்களில் உள்ளனர்.

இதிலிருந்து பெறும் பாடம் எளிமையானது. இன்றைய நாணய மாற்று வீதத்தில் மட்டும் நான்கு வருடச் செலவைக் கணக்கிடாதீர்கள். அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடினாலும் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால் குறைந்த செலவுள்ள நாட்டையோ, இங்கே இரண்டு வருடம் படித்து இறுதிப் பகுதியை மாத்திரம் வெளிநாட்டில் முடிக்கும் பாடநெறியையோ தேர்ந்தெடுப்பது கௌரவக் குறைவல்ல.

நாட்டு நிலைமைகளையும் பார்க்க வேண்டும். அதே 2022இல் ரஷ்யாவின் பல வங்கிகள் சர்வதேசப் பணமாற்று வலையமைப்பிலிருந்து நீக்கப்பட்டபோது, அங்கு மருத்துவம் பயிலும் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்ப முடியாமல் பெற்றோர் திண்டாடினர். 2024 ஜூலையில் பங்களாதேஷில் மாணவர் போராட்டம் வெடித்துப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. இவற்றை முன்கூட்டி யாராலும் அறிய முடியாது. ஆனால் ஓர் அவசர விமானச்சீட்டுக்கும் மூன்று மாதச் செலவுக்கும் போதுமான பணத்தைத் தொடாமல் ஒதுக்கி வைக்க எவராலும் முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் போக வேண்டும்?

இத்தனை கஷ்டங்களையும் எழுதிவிட்டு, வெளிநாட்டுக் கல்வியே வேண்டாம் என்று சொல்வது நியாயமாகாது. அதன் பலன்கள் உண்மையானவை.

எமது பாடசாலைக் கல்வி பெரும்பாலும் குறிப்பு எழுதுவதும் கடந்தகால வினாத்தாள் செய்வதுமாகவே செல்கிறது. ஆசிரியர் சொன்னதை மறுத்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பழகிய பிள்ளை, விரிவுரையாளரே "நான் சொல்வதில் உனக்கு உடன்பாடில்லாதது எது?" என்று கேட்கும் வகுப்பறையில் முதலில் திகைத்துப்போகிறான். ஒப்படை ஒன்றைச் சொந்தமாக எழுத வேண்டும். பிறருடைய கருத்தை எடுத்தால் எங்கிருந்து எடுத்தது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது களவுக்குச் சமமாகக் கருதப்பட்டுப் பாடநெறியிலிருந்தே நீக்கப்படலாம். இங்கே ஒருவருடைய ஒப்படையை நால்வர் பார்த்தெழுதிப் பழகியவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. ஆனால் ஒரு வருடத்தில் அப்பிள்ளை தானாக வாசித்து, தானாக யோசித்து, தன் கருத்தைக் கூச்சமின்றிச் சொல்லும் ஆளாக மாறுகிறான். பட்டச் சான்றிதழில் எழுதப்படாத இந்த மாற்றமே வாழ்நாள் முழுவதும் நின்று பயன்தருகிறது.

அடுத்தது, வேலைக்கு மரியாதை கொடுக்கும் பழக்கம். வீட்டில் தான் சாப்பிட்ட கோப்பையைக் கழுவாத ஆண் பிள்ளை, அங்கே தானே சமைத்து, தன் உடுப்பைத் தானே கழுவி, உணவகத்தில் பிறருடைய கோப்பையையும் கழுவுகிறான். உம்மாவும் தாத்தாவும் இவ்வளவு காலமும் தனக்காகச் செய்தவை எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது.

மூன்றாவது, உம்மத்தின் விசாலத்தைக் காண்பது. ஒரே ஊரில், ஒரே ஜமாஅத்தில், ஒரே மத்ஹபில் வளர்ந்த பிள்ளை, பல்கலைக்கழகத் தொழுகை அறையில் நைஜீரியரோடும் துருக்கியரோடும் பொஸ்னியரோடும் ஒரே ஸஃப்பில் நிற்கிறான். கையைக் கட்டுபவரும் கட்டாதவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று தொழுவதைக் காண்கிறான். சிறிய கருத்து வேறுபாடுகளுக்காக ஊரில் பள்ளிவாசலையே இரண்டாக்கிய சண்டைகள் அவனுக்கு அப்போது வேறு விதமாகத் தெரியும். அதே போல ஊரில் அதிகம் பழகக் கிடைக்காத சிங்களச் சகோதரரும் தமிழ்ச் சகோதரரும் அங்கே ஒரே அறைத் தோழராவதுண்டு.

இவ்வாறு போய்வந்தவர்கள் இச்சமூகத்துக்குச் செய்தவற்றையும் மறக்கக் கூடாது. அலிகாரில் படித்துத் திரும்பிய கலாநிதி பதியுதீன் மஹ்மூத், நாட்டின் கல்வி அமைச்சராக உயர்ந்து முஸ்லிம் பாடசாலைகளின் வளர்ச்சியில் அழியாத தடம் பதித்தார். அல்-அஸ்ஹரிலும் மதீனாவிலும் கற்றுத் திரும்பிய உலமாக்கள் எமது மத்ரஸாக்களிலும் கல்லூரிகளிலும் பல தலைமுறைகளை உருவாக்கியுள்ளனர்.

தொழுகையும் தனிமையும்

இலங்கையில் மஃரிப் நேரம் வருடம் முழுவதும் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாகவே மாறுகிறது. லண்டனில் டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ளுஹர், அஸர், மஃரிப் மூன்றும் நான்கு மணித்தியாலங்களுக்குள் வந்துபோகும். ஜூன் மாதத்திலோ மஃரிபே இரவு ஒன்பதரை மணியளவில்தான். இங்கே அதான் ஓசை கேட்டு எழும்பிய பிள்ளை, அங்கே தானாக நேரம் பார்த்து, விரிவுரைகளுக்கு இடையே இடம் தேடித் தொழ வேண்டும். முஸ்லிம் பாடசாலைகளில் ஜும்ஆவுக்காக வெள்ளிக்கிழமை நேரத்தோடு விடுவார்கள். ரமழானில் விடுமுறை உண்டு. அங்கே பெருநாள் தினத்தில் பரீட்சையும் வரலாம். பல பல்கலைக்கழகங்களில் தொழுகை அறையும் முஸ்லிம் மாணவர் சங்கமும் உண்டு. சமயக் காரணங்களை முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தால் கவனத்தில் எடுக்கும் நடைமுறையும் பல இடங்களில் இருக்கிறது. ஆனால் கேட்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் கிடைக்கும். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அருகிலுள்ள பள்ளிவாசலையும் மாணவர் சங்கத்தையும் தேடிக்கொள்ளச் சொல்லுங்கள். மார்க்கத்தைக் காப்பாற்றுவதோடு தனிமையையும் போக்கும் இடங்கள் அவை.

தனிமை பற்றி எமது சமூகத்தில் நாம் பேசுவதில்லை. நோன்புக் கஞ்சியின் வாசனையில்லாத முதல் ரமழான், குளிரில் பூட்டிய அறை, ஆங்கிலம் விளங்கினாலும் உச்சரிப்பு விளங்காத விரிவுரை, முதல் ஒப்படைக்கே குறைந்த புள்ளி. இவையெல்லாம் ஒன்றுசேரும்போது பிள்ளை உடைந்துபோகக்கூடும். வீட்டிலிருந்து அழைப்பு வரும்போது "நல்லா இருக்கன் உம்மா" என்று மட்டும் சொல்வான். ஏனென்றால் தனக்காக உம்மாவின் கைவளையல் அடகில் இருப்பது அவனுக்குத் தெரியும். ஒரு பாடத்தில் தவறியதை மறைப்பான். பிறகு ஒரு தவணையையே மறைப்பான். கடைசியில் பல்கலைக்கழகத்தில் பெயர் நீக்கப்பட்டதையும் ஒரு வருடமாக மறைத்துக்கொண்டு இருப்பான்.

இதற்கு மருந்து புறப்படுமுன்னரே வீட்டில் செய்துகொள்ளும் ஓர் உடன்பாடுதான். "நீ தவறினாலும் பரவாயில்லை, மறைக்காதே. திரும்பி வரவேண்டி வந்தாலும் இந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும். ஊர் என்ன சொல்லும் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." வாப்பா இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் வைத்திருந்தால் பிள்ளைக்குத் தெரியாது. ஒவ்வொரு தவணை முடிவிலும் பெறுபேற்றுத் தாளை அனுப்புவதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். நம்பிக்கையின்மையால் கேட்பதல்ல, சிக்கல் சிறிதாக இருக்கும்போதே தீர்ப்பதற்காகக் கேட்பது என்று விளக்கிச் சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்.

பெண் பிள்ளைகள் விடயம்

எமது பாடசாலைகளில் நன்றாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். வெளிநாடு என்று வந்ததும் செலவழிப்பது நானாவுக்கு, விட்டுக்கொடுப்பது தங்கச்சி என்றாகிவிடுகிறது. பாதுகாப்பு, மஹ்ரம், திருமணம் பற்றிய பெற்றோரின் கவலைகளைக் கேலி செய்ய முடியாது. மார்க்கச் சட்டம் பற்றிய கேள்விகளை நம்பகமான ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவுபெற வேண்டும். ஆனால் கேட்காமலேயே "பொம்பிளப் புள்ளக்கி எதுக்கு" என்று முடித்துவிடுவது நீதியல்ல. பெண்களுக்கான தனியான விடுதி, அந்நகரில் உறவினர் குடும்பம், மலேசியா போன்ற முஸ்லிம் சூழல், அல்லது பெரும்பகுதியை இங்கேயே முடிக்கும் பாடநெறி என்று வழிகள் உள்ளன. திருமணமானவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரித்தானியாவில் 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சி சார்ந்த பட்டப்பின் படிப்புகள் தவிர்ந்த பெரும்பாலான கற்கைகளுக்கு வாழ்க்கைத்துணையையும் பிள்ளைகளையும் தங்கியிருப்போராக அழைத்துச் செல்ல முடியாது.

முகவரை நம்புமுன் நாமே பார்க்கக்கூடியவை

முகவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஆனால் பிள்ளையைச் சேர்ப்பதற்குப் பல பல்கலைக்கழகங்கள் முகவருக்குத் தரகுப் பணம் கொடுக்கின்றன என்பதைப் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டும். அவர் சிபாரிசு செய்வது பிள்ளைக்குப் பொருத்தமான இடமா, அவருக்கு அதிகம் தரும் இடமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அவரில் தங்கியிராமல் நாமே சரிபார்க்கக்கூடியவை சில.

முதலாவது, அந்த நிறுவனத்துக்கு வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் அனுமதி உண்டா? பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளின் அரசாங்க இணையத்தளங்களில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லையென்றால் பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது, பட்டம் இங்கே செல்லுமா? பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் வருடாந்த நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் கைநூலிலோ இடம்பெற்ற பல்கலைக்கழகங்களையே எமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்து வந்திருக்கிறது. சேருமுன் ஆணைக்குழுவிடமே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவம் என்றால் இலங்கை மருத்துவ சபையின் அங்கீகாரம் கட்டாயம். உயர்தரத்தில் குறைந்தபட்சச் சித்திகளை அச்சபை எதிர்பார்க்கிறது. படித்து முடித்து வந்த பின்னரும் அதன் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே வைத்தியராகலாம். பொறியியல் என்றால் அப்பாடநெறி வொஷிங்டன் உடன்படிக்கையின் கீழ் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். இலங்கையும் 2014 முதல் அதன் அங்கத்துவ நாடு.

மூன்றாவது, படிப்புக்குப் பின் தங்கி வேலை செய்யலாம் என்ற வாக்குறுதி. போகும்போது இருந்த விதி முடிக்கும்போது இருக்காது. பிரித்தானியாவில் பட்டதாரிகளுக்கான இரண்டு வருட வீசா, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு ஒன்றரை வருடமாகக் குறைக்கப்படுகிறது. அங்கே தங்கிச் சம்பாதித்துக் கடனை அடைப்போம் என்ற கணக்கில் மட்டும் ஒருபோதும் புறப்படக் கூடாது. இக்கட்டுரையில் சொன்ன தொகைகளும் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அரசாங்க இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஆசிரியராகச் சொல்ல வேண்டியது, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், பாடசாலை இடாப்பில் இன்னொன்று, சாதாரண தரச் சான்றிதழில் வேறொன்று, கடவுச்சீட்டில் மற்றொன்று. முஹம்மத் என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதப்பட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். நான்கும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே மாதங்கள் போய்விடும். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போதே பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வது காசில்லாமல் செய்யக்கூடிய காரியம்.

காணி விற்காமலும் வழியுண்டு

முழுப் புலமைப்பரிசில்கள் பற்றி எமது பிள்ளைகளுக்குப் போதிய அறிவில்லை. துருக்கி அரசாங்கத்தின் புலமைப்பரிசில் கட்டணம், விடுதி, மாதாந்தக் கொடுப்பனவு, விமானச்சீட்டு, ஒரு வருட மொழிப் பயிற்சி எல்லாவற்றையும் தருகிறது. வழமையாக ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் விண்ணப்பம் கோரப்படும். இந்திய அரசாங்கம் இலங்கையருக்கென நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலையும் மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலையும் வழங்கிவருகிறது. பாகிஸ்தானின் அல்லாமா இக்பால் புலமைப்பரிசில், ஜப்பான், சீன அரசாங்கங்களின் புலமைப்பரிசில்கள் என்பனவும் உண்டு. இங்கே முதலாவது பட்டத்தை முடித்தவர்களுக்குப் பொதுநலவாய, செவனிங், அவுஸ்திரேலிய விருதுப் புலமைப்பரிசில்கள் உண்டு.

இதனால் பல குடும்பங்களுக்குப் பொருத்தமான ஒழுங்கு, முதல் பட்டத்தை இங்கே முடித்துவிட்டு முதுமாணிக்கு வெளிநாடு செல்வதே. தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் திறந்த பல்கலைக்கழகமும் குறைந்தவை அல்ல. அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க, அரசாங்கத்தின் வட்டியற்ற மாணவர் கடன் திட்டம் 2017இல் ஆரம்பிக்கப்பட்டது. வட்டிக்கு அஞ்சும் குடும்பங்கள் அதன் அடுத்த அறிவித்தலைக் கவனித்திருக்க வேண்டும். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் பட்டத்தோடு செல்பவருக்குப் பத்தொன்பது வயதில் செல்பவரைவிட முதிர்ச்சியும் புலமைப்பரிசில் வாய்ப்பும் அதிகம்.

சமூகத்துக்கும் ஒரு பொறுப்புண்டு. ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1945இலேயே முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கி, வசதியற்ற மாணவர்களின் உயர்கல்விக்கு வழிசெய்தார். எண்பது வருடங்களுக்குப் பிறகு எமது ஊர்களில் பள்ளிவாசலுக்கு மினாரா கட்டவும் மாபிள் பதிக்கவும் சேரும் பணத்தில் ஒரு பங்காவது, திருப்பிச் செலுத்தும் வட்டியில்லாக் கல்விக் கடனாக மாற முடியாதா? அதற்கும் முன், காசே செலவாகாத ஒன்றைச் செய்யலாம். வெளிநாட்டில் படித்து முடித்தவர்களும், முடிக்க முடியாமல் திரும்பியவர்களும் ஊரில் இருக்கின்றனர். பெறுபேறு வெளியாகும் வாரத்தில் பாடசாலை மண்டபத்திலோ பள்ளிவாசலிலோ அவர்களைப் பெற்றோர் முன் பேச வைக்கலாம். திரும்பி வந்தவரை ஊர் ஏளனமாகப் பார்க்காமல், அவரது அனுபவத்தைக் கேட்டால் அடுத்த வருடம் புறப்படும் பத்துக் குடும்பங்கள் தப்பிக்கும்.

அடுத்த பெறுபேறு வருவதற்கு இன்னும் நாளிருக்கிறது. முகவரின் அலுவலகத்துக்குப் போகுமுன் ஓர் இரவு வாப்பா, உம்மா, பிள்ளை மூவரும் ஒரு கொப்பியோடு உட்காருங்கள். நான்கு வருடக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, எம்மிடம் உள்ள பணம், கூடினால் எவ்வளவு தாங்கும், தவறினால் என்ன செய்வோம் என்று எழுதுங்கள். பிள்ளையைக் கொண்டே அந்தக் கணக்கை எழுதுவியுங்கள். தன் படிப்புக்கு எவ்வளவு செலவாகிறது என்று தன் கையால் எழுதிய பிள்ளை, அங்கே ஒரு விரிவுரையைத் தவறவிடுமுன் இரண்டு முறை யோசிப்பான். எமது பிள்ளைகள் அறிவோடும் ஈமானோடும் போய், சிறந்து திரும்பிவர அல்லாஹ் அருள்புரிவானாக.